அந்த வீடியோ பழசு

எங்கள் குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்து போட்டாலும் வாத்தி அதைத் தோண்டித் துருவிப் பார்த்து ஒரு முத்திரை குத்துவார். பச்சை என்றால் மெய், சிவப்பு என்றால் பொய். சிவப்பு விழுந்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. மீறி எடுத்தால் ஒரு முழுப் பாட்டைத் தன் குரலில் பாடிப் பதிவு செய்து போட வேண்டும். லாரி ஒரு தடவை பாடினான். அன்றைக்கு மற்ற மூன்று பேரும் போனைத் தூர வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டோம்.

நாங்கள் நாலே பேர், குரூப்பில் அவரவர் தொழில்தான் அவரவர் பெயர். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஒரு செய்திச் சேனலின் கமெண்ட் பகுதியில் ஒரே முட்டாளோடு தனித்தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவன் ஓடிப்போனான், நாங்கள் கூட்டாளிகள் ஆகிவிட்டோம். வாத்தி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், எங்களில் பெரியவர். லாரி என்பவன் நெடுந்தூரம் சரக்கு ஓட்டுகிறவன், என்னை அக்கா என்பான். நர்ஸுக்கு என் வயது இருக்கும், வாடி போடி என்றுதான் பேச்சு. நான் கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. உலகத்தில் எந்த மூலையில் தேர்தல் நடந்தாலும், அணை உடைந்தாலும், எவனாவது எவனையாவது மிரட்டினாலும், அடுத்த நிமிஷம் அது எங்கள் குரூப்பில் வந்து விழும். நாலு பேரும் சேர்ந்து கழுவி ஊற்றுவோம். அதில் என் வாய்தான் பெரிது என்று எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை. என் தம்பி கப்பலில் வேலை செய்கிறான். சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் ஃபிட்டர். கொஞ்ச நாளாக எல்லாச் சேனலும் கத்திக்கொண்டிருந்த அந்தக் குறுகலான கடல்வழி இருக்கிறதே, போகிற வருகிற கப்பலை எல்லாம் அடிப்போம் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்களே, அதன் வழியாகத்தான் அவன் கப்பல் போகவேண்டும். குரூப்பில் அந்தக் கடலைப் பற்றி தினமும் அடிதடி. பெட்ரோல் விலை ஏறும் என்பான் லாரி. ஏறட்டும், உன் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டு என்பேன். நடுவில், "என் தம்பி அங்கே இருக்கிறான்" என்று சொல்லியிருந்தால் மூன்று பேரும் பாவம் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். என்னைப் பாவம் பார்க்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதனால் சொல்லவில்லை.

தம்பி கடைசியாக அனுப்பியது ஒரு வரிதான். "நாளைக்கு அந்தப் பக்கம் தாண்டுறோம்க்கா. சிக்னல் இருக்காது. அம்மாகிட்ட மூச்சு விடாத." அம்மாவிடம் அவன் வேறு பக்கமாகப் போகிறான் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை, கடை திறந்ததும் ஒரு பெரியவர் வந்து நின்றார். "இந்தக் கண்ணாடியப் போட்டா மாடிப்படியெல்லாம் மிதக்குதும்மா."

"புது லென்ஸ் அப்படித்தாங்க இருக்கும். படி இறங்கறப்போ கண்ணை மட்டும் இறக்காதீங்க, தலையையும் சேர்த்துக் குனியுங்க" என்று சொல்லிக்கொண்டே அவருடைய ஃப்ரேமின் காதுக்கம்பியைச் சூடேற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் போன் வெளிச்சம் காட்டியது. லாரி ஒரு வீடியோ போட்டிருந்தான். ஒரு சரக்குக் கப்பல், பின்பாதி முழுக்கத் தீ, கரும்புகை வானம் வரைக்கும். கீழே அவன் கைவரிசை: "இன்னிக்கு விடியக்காலை அடிச்சுட்டாங்களாம். மூணாவது உலகப் போர் லோடிங்."

காதுக்கம்பி சூடு அதிகமாகிக் கையிலேயே கோணிக்கொண்டது. பெரியவர், "என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, "மெய்யா பொய்யா? வாத்தி எங்க?" என்று குரூப்பில் அடித்தேன்.

"வகுப்புல இருப்பாரு. உனக்கென்னடி இன்னிக்கு இவ்வளவு அவசரம்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அடேயப்பா! காலையிலேயே காரமா இருக்கா."

அந்த வீடியோவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேனோ தெரியாது. கப்பலின் பெயர் எழுதிய பக்கம் புகையில் மறைந்திருந்தது. நிறத்தைப் பார்த்தேன், சிவப்பா பழுப்பா என்றுகூடத் தெரியவில்லை. தம்பி அனுப்பிய பழைய போட்டோக்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவன் முகம்தான் பெரிதாக இருந்தது, கப்பல் ஒரு ஓரத்தில் துண்டாகத் தெரிந்தது. சனியனே, கப்பலையும் கொஞ்சம் எடுக்கக் கூடாதா என்று அவனைத் திட்டினேன். திட்டும்போதே கண் கரித்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள். "மேல் வீட்டுக்காரி வந்து சொல்றா, ஏதோ கப்பல் எரியுதாமே. நம்ம பிள்ளை அந்தப் பக்கமா?"

"அவன் வேற பக்கம்னு எத்தனை வாட்டி சொல்றது? டிவியைப் போடாத. அவ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டாளா?"

"ஏன்டி என்கிட்ட எரிஞ்சு விழற?"

"வேலை இருக்கும்மா. வை."

போனை வைப்பதற்கும் வாத்தியின் முத்திரை வந்து விழுவதற்கும் சரியாக இருந்தது. சிவப்பு. கீழே வழக்கம்போல விளக்கம்: "இந்த வீடியோ பழசு. வேற கடல், வேற கப்பல், பல வருஷம் முன்னாடி ரசாயனத் தொட்டி வெடிச்சது. எவனோ தூசு தட்டி எடுத்து விட்டிருக்கான். பழைய செய்தியோட இணைப்பு கீழே. லாரி, மரியாதையா அடங்கு."

இணைப்பைத் திறந்து பார்த்தேன். அதே கப்பல், அதே புகை, பழைய தேதி. போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிமிஷம் வாத்தி எதிரே இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். லாரி, "மூணாவது உலகப் போர் ரத்து. எல்லாரும் வேலைக்குப் போங்க" என்று எழுதினான். விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையை நான் வரிசையாகப் போட்டேன். அம்மாவுக்கு நானே போன் செய்து, "பழைய வீடியோம்மா, பொய். என் சிநேகிதர் ஒருத்தர் அக்குவேறா ஆணிவேறாப் பார்த்துட்டாரு. நிம்மதியாச் சாப்பிடு" என்றேன். அவள் குரலும் லேசாகிவிட்டது.

பெரியவரின் கோணிய கம்பிக்குப் புதுக் கம்பி மாட்டி, மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். வேலை மேசையில் போன் கூடாது என்பது எங்கள் முதலாளியின் கட்டளை. நல்ல பிள்ளையாக அதைச் சத்தமில்லாமல் ஆக்கி இழுப்பறையில் போட்டேன். லென்ஸ் வெட்டும் மெஷினில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தேங்கிக் கிடந்த வேலையை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். மெஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மதியம் சாப்பிட உட்காரும்போதுதான் இழுப்பறையைத் திறந்தேன். மிஸ்டு கால். ஒன்றுக்கு மேல். எல்லாம் ஒரே நம்பர், வழக்கத்தைவிட நீளமாக, எந்த நாட்டு நம்பர் என்றே புரியாதபடி. திருப்பி அடித்தால், தொடர்புகொள்ள இயலவில்லை என்றது. மறுபடியும் அடித்தேன். அதே பதில். போனின் சத்தத்தைத் திரும்பக் கூட்டிவைத்தேன்.

நம்பரைக் குரூப்பில் போட்டு, "இது என்ன நம்பர், யாருக்காவது தெரியுமா?" என்றேன்.

லாரிதான் பதில் சொன்னான். "சாட்டிலைட் போன்க்கா அது. டவர் இல்லாத ரோட்டுல எங்க கம்பெனி வண்டியிலயும் ஒண்ணு இருக்கு, நம்பர் இப்படித்தான் ஆரம்பிக்கும். கப்பல்லயும் வச்சிருப்பாங்க. உங்களை யாருக்கா கப்பல்ல இருந்து கூப்பிடறது?"

எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். "என் தம்பி கப்பல்ல இருக்கான். அந்தக் கடல்லதான்."

லாரி எழுதுகிறான் என்று மேலே காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அப்புறம் வந்தது. "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. வீடியோதான் பழசு. செய்தி மெய். விடியக்காலை நிஜமாவே ஒரு கப்பலை அடிச்சிருக்காங்க. டீ குடிக்க நிறுத்தின இடத்துல டிவியில பார்த்தேன். வாத்தி சிவப்பு குத்திட்டாரு, திரும்ப எடுத்தா பாட்டுப் பாடணுமேன்னு விட்டுட்டேன்."

படித்துவிட்டு எழுந்தேன். சாப்பாட்டு டப்பா தரையில் கவிழ்ந்தது. பாட்டுப் பாடணுமேன்னு! என் தம்பி கடலில் கிடக்க, இவன் பாட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். வாத்தி வீடியோவை மட்டும் சோதித்துவிட்டு, செய்தியையே குழிதோண்டிப் புதைத்துவிட்டார். வாய்க்கு வந்தபடி எழுதினேன். நீங்கள் எல்லாம் மனுஷங்களா, உங்க முத்திரையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்க, என் தம்பி என்னைக் கூப்பிட்டிருக்கான், நான் இங்கே இளிச்சுக்கிட்டு லென்ஸ் வெட்டிக்கிட்டிருந்திருக்கேன். எழுத்துப் பிழையோடு, மூச்சு விடாமல் எழுதினேன்.

போன் அலறியது. தம்பிதான் என்று நினைத்துப் பாய்ந்து எடுத்தேன்.

"கண்ணாடிம்மா, நான் வாத்தி பேசறேன்." குரூப்பில் அதிகாரமாக எழுதுகிற மனுஷனுக்கு இவ்வளவு மெல்லிய குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. "நான் செஞ்சது பெரிய தப்பும்மா. படத்தைத்தான் பார்த்தேன், படத்துக்குப் பின்னாடி..."

"வாத்தி, போனை வைங்க!"

"ஒரு வார்த்தை சொல்லிடறேன்மா..."

"அவன் கூப்பிடுவான்! லைன் வேணும்! வைங்கன்னா வைங்க!" கத்திவிட்டு வெட்டினேன். கடையே திரும்பிப் பார்த்தது. கண் பரிசோதனை அறையிலிருந்து டாக்டரம்மா தலையை நீட்டினார். முதலாளி பணப்பெட்டியை விட்டு எழுந்து வந்தார். எப்போதும் சிடுசிடுக்கிற மனுஷன். விஷயத்தைச் சொன்னதும், "உள்ள சிக்னல் சரியா வராது. வாசல்ல போய் நில்லும்மா. வேலையை நான் பார்த்துக்கறேன்" என்றார். வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன். பஸ் சுரங்கப்பாதையில் நுழைந்தால் லைன் போய்விடும். அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயமும் இருந்தது. வாசலிலேயே நின்றேன்.

குரூப்பை நர்ஸ் கையில் எடுத்துக்கொண்டாள். "யாரும் அவளைக் கூப்பிடாதீங்க. லைன் காலியா இருக்கணும். ஏய் கண்ணாடி, கப்பல் பேரையும் கம்பெனி பேரையும் மட்டும் போடு. மத்ததை நாங்க பார்த்துக்கறோம். அழாதடி." போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன். லாரி வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கம்பெனி ஆபீசுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். எப்போதும் பிஸி என்று வருகிறது என்றான். நர்ஸ் வேறொரு நம்பர் கண்டுபிடித்தாள், அதை யாரும் எடுக்கவில்லை. வாத்தி ஒன்றுமே எழுதவில்லை.

கடைவாசலில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஒரு பெண் கண்ணாடிக்குள் இருந்த ஃப்ரேமைக் காட்டி விலை கேட்டாள். உள்ளே கேளுங்க என்றேன். அடிபட்டது அவன் கப்பலாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்படியானால் வேறு யாருடைய தம்பியோ அதில் இருப்பான் என்று தெரிந்துதான் வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

வாத்தி எழுதினார். "அடிபட்டது உங்க தம்பி கப்பல்தான்மா."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே அடுத்தது வந்தது. "பயப்படாதீங்க. இன்ஜின் பக்கம் தீ. கப்பலை விட்டு எல்லாரையும் இறக்கிட்டாங்க. வேற கப்பலுங்க வந்து ஏத்திக்கிச்சு. ஒருத்தர் மட்டும் இறந்துட்டதா வருது. யாருன்னு பார்க்கிறேன்."

இன்ஜின் பக்கம் தீ. அவன் இன்ஜின் அறை ஆள். ஒருவர் மட்டும். அந்த ஒருவர் யார்? நர்ஸ், "இருடி, இருடி" என்று மட்டும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து முதலாளி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதைத் தொடவில்லை. வாத்தி எழுதுகிறார் என்று காட்டியது. எழுதித் தொலையுங்களேன் என்று தெருவில் வாய்விட்டே சொன்னேன்.

"முத்திரையெல்லாம் போடமாட்டேன். தனித்தனியா மூணு இடத்துல பார்த்துட்டேன், கம்பெனி அறிக்கையும் வந்துடுச்சு. இறந்தவர் கப்பலோட சமையல்காரர். ஐம்பது வயசுக்கு மேல. பேரும் போட்டிருக்காங்க, அறிக்கை கீழே இருக்கு. உங்க தம்பி இல்லைம்மா. உங்க தம்பி இல்லை."

"அப்பாடா! ஒருத்தர்தானே! நம்ம ஆள் இல்ல!" என்று எழுதினேன். அப்படியே எழுதினேன். லாரி இதயமாகப் போட்டுத் தள்ளினான். "கடவுள் இருக்கான்டி" என்றாள் நர்ஸ். நான் எழுந்து முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சமையல்காரர்தாங்க, என் தம்பி இல்லைங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும், "நல்லவேளைம்மா, நல்லவேளை" என்றார்.

அப்போதுதான் போன் அடித்தது. அந்த நீள நம்பர்.

"அக்கா."

"டேய்! டேய் தம்பி! எப்படிடா இருக்க? அடிபட்டுச்சாடா?"

"கையில கொஞ்சம் சுட்டிருக்கு, அவ்வளவுதான். காலையில எத்தனை வாட்டி கூப்பிட்டேன், ஏன்க்கா எடுக்கல?"

"நான்... மெஷின்ல இருந்தேன்டா. கேட்கல."

"சரி விடு. இந்தக் கப்பல்ல ஒரே போன்தான் குடுத்திருக்காங்க, வரிசையில நிக்கிறோம். அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ நல்லா இருக்கியே, அது போதும்டா எனக்கு. அது போதும்." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அக்கா, ஒரு உதவி. நீதான் எந்நேரமும் செய்தி பார்ப்பியே. எங்களை ரெண்டு கப்பல்ல பிரிச்சு ஏத்திட்டாங்க. அந்தக் கப்பல்ல யார் யார் இருக்காங்கன்னு இங்க ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க. எங்க சமையல்காரண்ணன் அதுல இருக்காரான்னு பார்த்துச் சொல்லேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி படியில் உட்கார்ந்தேன்.

"நான் டூட்டி முடிஞ்சு கீழ தூங்கிட்டு இருந்தேன்க்கா. புகை வந்ததுகூடத் தெரியல. அவர்தான் இறங்கி வந்து கதவை உதைச்சு எழுப்பிவிட்டாரு. நீ போடா, இன்னும் அந்த ரூம்ல ஒருத்தன் இருக்கான், நான் பின்னாடியே வரேன்னாரு. மேல வந்த பிறகு அவரைப் பார்க்கவே இல்ல. அவரோட மச்சான் எங்ககூடத்தான் வேலை செய்யறாரு, இதோ என் பக்கத்துலயே நிக்கிறாரு. அடுத்து அவர்தான் வீட்டுக்குப் பேசணும். தன் அக்காகிட்ட என்ன சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருக்காரு. பார்த்துச் சொல்லுக்கா. செய்தில பேர் ஏதாவது வந்துச்சா?"

பெயர் என் போனில் இருந்தது. சற்று முன் அதைப் படித்துவிட்டுத்தான் சிரித்தேன்.

"அக்கா? கேட்குதா?"

"கேட்குதுடா."

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன். அவரும் கேட்கட்டும்."

"வேணாம்டா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. தெரு இரைச்சலுக்கு மேல் கத்தினேன். "ஸ்பீக்கர்ல போடாத தம்பி. போடாத."

அவன் மூச்சு விடுவது கேட்டது, அதற்குப் பின்னால் கப்பலின் இன்ஜின் கேட்டது. பிறகு ஒரு ஆம்பளைக் குரல் பக்கத்தில் வந்து, "என்னப்பா சொல்றாங்க? மாமா இருக்காரா?" என்று கேட்டது.

"சரியாக் கேக்கலண்ணே" என்று என் தம்பி அவரிடம் சொன்னான். "லைன் சரியில்ல."